கோச்சிச் சரக்குக் கூலிக்கு எங்கே வழக்குப் போடுவது?

2024 மே தினத்தன்று கொட்டகலையில் மேடை போட்டு, தோட்டத் தொழிலாளருக்கு நாளுக்கு 1700 ரூபா என்று அன்றைய ஜனாதிபதி அறிவித்தார். வர்த்தமானியும் வந்தது. பிறகு நடந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பெருந்தோட்டக் கம்பனிகள் நேரே நீதிமன்றத்துக்குப் போனாங்க. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. இழுபட்டு இழுபட்டு அந்த வருடம் கதை 1350 ரூபாயில் வந்து நின்றது. 2021இல் 1000 ரூபாய்க்கும் இப்படித்தான், அப்போது மேன்முறையீட்டு நீதிமன்றம்.

அந்த மாதங்களில் எங்கள் பக்கம் கோபம் நிறைய. எனக்கும்தான். ஆனால் கோபத்துக்கு நடுவில் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. சம்பளம் என்ற ஒரு விலைக்கு ஒரு சபை இருக்கு, வர்த்தமானி இருக்கு, அதை எதிர்க்க நீதிமன்றம் இருக்கு. நல்லதோ கெட்டதோ, கணக்கை மேசையில் வைத்துத்தான் பேசணும். "உற்பத்திச் செலவு தாங்காது" என்று கம்பனி சொன்னால் "எந்தச் செலவு, காட்டுங்க" என்று திருப்பிக் கேட்கலாம். அதே மலைநாட்டில் இன்னொரு விலை ஒவ்வொரு நாளும் எங்கள் சட்டைப் பையில் கை விடுது. அதற்குச் சபையும் கிடையாது, வழக்கும் கிடையாது. சாமானை மலையில் இருந்து இறக்குகிற கூலி, மலைக்கு ஏற்றுகிற கூலி. அதைத்தான் சொல்றேன்.

கந்தப்பளைப் பக்கம் லீக்ஸும் கோவாவும் போடுகிற ஒரு உறவுக்காரரிடம் மரக்கறி விற்ற சிட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். மேலே கிலோக் கணக்கு, விலை. கீழே வெட்டு: சாக்கு, கொமிஷன், இறக்குகூலி, லொறிக் கூலி. "லொறிக் கூலி யாரு முடிவு பண்றது மாமா?" என்றேன். "லொறிக்காரன்தான்" என்றார், வேற யாரு என்கிற மாதிரி. 2021 கடைசியில் 121 ரூபாயாக இருந்த ஒரு லீட்டர் டீசல் 2022 ஜூன் முடிவதற்குள் 460 ஆனது. அப்போது கூலி ஏறினதில் நியாயம் இருக்கு, யாரும் சண்டை போட முடியாது. பிறகு டீசல் இறங்கினபோது கூலி எவ்வளவு இறங்கணும், யார் சொல்லணும்? பஸ் கட்டணம் என்றால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு ஒவ்வொரு ஜூலையும் கணக்குப் பார்க்கும், பத்திரிகையில் அடிபடும், சதக் கணக்கில் விவாதம் நடக்கும். மனுசர் ஏறும் வண்டிக்கு அவ்வளவு பேச்சு. கரட் மூட்டை ஏறினால் ஒரு பேச்சும் இல்லை.

இதே கேள்வியை வைத்து ஒரு காலத்தில் உலகத்தின் சில மூலைகளில் பெரிய சண்டை நடந்தது. அப்போது லொறி கிடையாது. கோச்சிதான் எல்லாம்.

அமெரிக்காவில் இலினோய் மாநிலத்தில் பியோரியா, கில்மன் என்று இரண்டு ஊர். இரண்டில் இருந்தும் நியூயோர்க்குக்குச் சரக்குப் போகுது, வாபாஷ் என்கிற ரயில் கம்பனி ஏற்றுது. நியூயோர்க்குக்குக் கிட்ட இருப்பது கில்மன். பியோரியா அதைவிட 86 மைல் தள்ளி. ஆனால் 100 இறாத்தலுக்குப் பியோரியாக்காரனிடம் 15 சதமும் கில்மன்காரனிடம் 25 சதமும் வாங்கினாங்க. 26,000 இறாத்தல் ஏற்றினால் ஒருத்தனுக்கு 39 டொலர், மற்றவனுக்கு 65 டொலர். கிட்ட இருக்கிறவன் கூடக் கட்டணும்! ஏனென்றால் பியோரியாவில் போட்டிக்கு வேற ரயில் இருந்தது. கில்மன்காரனுக்குப் போக வேற வழி இல்லை. வழி இல்லாதவனிடம்தான் கூட வாங்கலாம் என்பது வியாபாரக் கணக்கு.

இலினோய் மாநிலம் அதைத் தடுக்கச் சட்டம் போட்டிருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1886இல் கம்பனிதான் ஜெயித்தது. மாநில எல்லை தாண்டுகிற வியாபாரத்தில் மாநிலம் தலையிட முடியாது என்று தீர்ப்பு. தோற்ற வழக்குதான், ஆனாலும் அதன் சூட்டில் அடுத்த வருடமே, 1887இல், மத்திய அரசு சட்டம் கொண்டுவந்து ஒரு ஆணைக்குழுவையும் அமைத்தது. ரயில் கூலி நியாயமாகவும் பொருத்தமாகவும் இருக்கணும், அதே பாதையில் அதே திசையில் குறைந்த தூரத்துக்குக் கூடக் கூலி வாங்கக்கூடாது, கட்டண அட்டவணையை ஊருக்குத் தெரிய ஒட்டணும். இங்கிலாந்தில் இதற்கும் முன்னாலேயே, 1854இல், ஒருத்தருக்கு மட்டும் முறையற்ற சலுகை கொடுக்கக்கூடாது என்று ரயில் கம்பனிகளைச் சட்டம் கட்டிப்போட்டிருந்தது. பர்ட்டன் என்கிற ஊரில் சில பியர்க் கம்பனிகளுக்கு மட்டும் ரயில் கம்பனி இலவச வண்டி விட்டது, அவங்க போட்டி ரயிலுக்குப் போய்விடக்கூடாது என்று. சலுகை கிடைக்காத எவர்ஷெட் என்கிற பியர்க் கம்பனி வழக்குப் போட்டு 1878இல் பிரபுக்கள் சபை வரை போய் ஜெயித்தது.

சரி, இதே இங்கிலாந்துக்காரன்தானே இங்கேயும் பாதை போட்டான்? 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் கோச்சி வந்துவிட்டது. அவன் ஊரில் இருந்த அந்தச் சட்டம் ஏன் கூடவே ஏறி வரவில்லை?

இங்கே தொடக்கத்தில் ஒரு ரயில் கம்பனி இருந்தது, 1845இல் உண்டானது. அது பாதையைப் போட்டு முடிக்கவில்லை. 1860களின் தொடக்கத்தில் அரசாங்கமே வேலையைக் கையில் எடுத்தது. அதற்குப் பிறகு ரயில் அரசாங்கத்துடையது, கட்டணம் போடுவதும் அரசாங்கம், கட்டணம் நியாயமா என்று பார்க்கவேண்டியதும் அரசாங்கம். இங்கிலாந்தில் கம்பனி விளையாடியது, அரசு விசில் ஊதியது. இங்கே விளையாடினவன் கையிலேயே விசில். 1902 ரயில்வே கட்டளைச் சட்டம் இன்றும் நம்ம ரயிலுக்கு அடிப்படை. கட்டணத்தை எதிர்த்து முறையிட ஒரு தனி மன்றம் அதன்கீழ் இங்கே வரவே இல்லை.

அதற்காகச் சண்டையே நடக்கவில்லை என்று நினைக்காதீங்க. வேற இடத்தில் நடந்தது. தோட்டத் துரைமார் 1854இலேயே சங்கம் வைத்தாங்க, அவங்க முதல் பெரிய கோரிக்கையே ரயில்தான். கண்டியில் இருந்து கொழும்புக்குக் காப்பி மூட்டை மாட்டு வண்டியில் போக நாள்கணக்காகும், கூலி கொள்ளை. பாதைக்குக் காசு சேர்க்கக் காப்பி ஏற்றுமதிக்குத் தீர்வை போட்டபோது துரைமாரே ஒத்துக்கொண்டதற்குக் காரணம் அதுதான். காசு கொடுத்தவன் கேள்வி கேட்பான். சட்ட நிரூபண சபையில் தோட்டக்காரர்களுக்கு என்றே ஒரு உறுப்பினர் இருந்தார். தேயிலைக்கு, அரிசிக்கு, உரத்துக்கு என்ன கூலி, பாதை எந்தப் பள்ளத்தாக்குக்கு நீளணும் என்பதெல்லாம் அவங்களுக்குச் சபையிலும் மகஜரிலும் பேசித் தீர்க்கிற விஷயம். நீதிமன்றம் தேவைப்படவில்லை, தேசாதிபதியின் காது கிட்டத்தான் இருந்தது.

பாதையை வெட்டினவங்களுக்கு அந்தக் காது இல்லை. ஆனால் ரயில் கூலியின் ஒரு பகுதியை அவங்கதான் சுமந்தாங்க என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தோட்டத்தில் சாப்பாட்டு அரிசி பர்மாவில் இருந்தும் இந்தியாவில் இருந்தும் கொழும்புக்கு வந்து, கோச்சியில் மேலே ஏறி, தோட்ட ஸ்டோரில் அளக்கப்பட்டது. விலையைச் சம்பளத்தில் வெட்டினாங்க. அரிசி விலை என்றால் அதற்குள் கப்பல் கூலி, கோச்சிக் கூலி, ஸ்டேசனில் இருந்து தோட்டத்துக்கு வண்டிக் கூலி எல்லாம் அடங்கினதுதான். 1927 சட்டத்தின்படி குறைந்தபட்சச் சம்பளம் வந்தபோது மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. அதோடு அரிசியைக் குறித்த ஒரு விலைக்கு மேல் போடக்கூடாது என்றும் வரம்பு வைத்தாங்க.

இந்த வரம்புதான் எனக்கு முக்கியமாகப் படுது. அது வரும்வரை அரிசியின் கோச்சிக் கூலி ஏறினால் அதைத் தொழிலாளியின் கணக்கில் தள்ள வழி இருந்தது. வரம்பு வந்த பிறகு அதற்கு மேல் ஏறுவது துரையின் தலையில். அரிசி அதேதான், பாதையும் அதேதான், நட்டப்படுகிற ஆள் மட்டும் மாறினார். குரல் உள்ள ஒருத்தர் சுமக்கும்போது ரயில் கூலி ஒரு பிரச்சினையாகத் தெரியுது. பியோரியா, கில்மன் கதையிலும் வழக்கில் பேர் வந்தது சரக்கு அனுப்பின வியாபாரிகள்தான். அந்தத் தானியத்தை விளைவித்த ஆள் விலையில் எவ்வளவு இழந்தார் என்று வழக்குக்குள் யாரும் கேட்கவில்லை.

நுவரெலியாக்காரங்களுக்குத் தெரிந்த இன்னொரு பாதை இருக்கு, இப்போது தண்டவாளம் இல்லாத பாதை. நானுஓயாவில் இருந்து நுவரெலியா, கோர்ட் லொட்ஜ், கந்தப்பளை, புரூக்சைட் வழியாக இராகலை வரை சின்ன கோச்சி ஓடியது. இரண்டரை அடி அகலப் பாதை, 1903-04இல் திறந்தது. லொறியோடு போட்டி போட முடியாமல் 1940களில் அது இல்லாமல் போனது. மூடின காலத்தைக் கவனியுங்க. அடுத்து 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம், பிறகு வாக்குரிமையும் போனது. ஒரு பள்ளத்தாக்கின் சரக்குப் பாதையைப் பற்றிக் கேட்கவேண்டிய சனம் அடுத்த பல வருடம் "நாங்க இந்த நாட்டுக்காரங்கதான்" என்று நிரூபிக்கிறதிலேயே நேரம் போக்கியது. இன்றைக்கு கந்தப்பளையில் இருந்து மரக்கறி இறங்குவது முழுக்க லொறியில்தான். நாடு முழுக்கப் பார்த்தாலும் ரயிலில் போகிற சரக்கு மிகச் சின்னப் பங்கு. கண்டியில் பஸ் ஏற "குட்ஷெட்டுக்கு வா" என்கிறோமே, அங்கே குட்ஸ் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. மேல்நாட்டுக் கோச்சி இப்போது உலகப் புகழ், எல்ல ஒடிசிக்கு டிக்கெட் கிடைக்காது, கதவில் தொங்கிப் படம் எடுக்க எங்கிருந்தெல்லாமோ வர்றாங்க. அந்தப் பாதை போட்டதே மூட்டை இறக்கத்தான்.

இந்த இடத்தில் ஒருத்தர் கேட்கலாம்: சரக்கே ஏறாத ரயிலுக்கு நியாயக் கூலி பேசி என்ன பிரயோசனம்? நண்பர் ஒருத்தர் கேட்கவும் கேட்டார். என் பதில் இதுதான். லொறிக் கூலிக்கு மேல்வரம்பு வைக்க அரசாங்கம் ஒவ்வொரு லொறிக்காரனின் பின்னாலும் ஓட முடியாது. ஓடினாலும் பாவம், அவங்களில் பாதிப் பேர் லீசிங் கட்ட முடியாமல் இருக்கிறாங்க. ஆனால் நானுஓயாவில், தலவாக்கலையில், ஹட்டனில் வாரத்தில் சில நாளாவது ஒரு சரக்குக் கோச்சி நின்று, "கொழும்புக்கு ஒரு மூட்டைக்கு இவ்வளவு" என்று ஒரு பலகை தொங்கினால், அந்தப் பலகையே வரம்பு. அதற்கு மிக மேலே லொறிக்காரன் கேட்டால் மூட்டை ஸ்டேசனுக்குப் போகும். பியோரியாக்காரனுக்கு 15 சதம் கிடைத்தது சட்டத்தால் இல்லை, பக்கத்தில் இன்னொரு பாதை இருந்ததால். நாங்க இப்போது கில்மனில் இருக்கிறோம். ஆனால் பலகையில் எழுதுகிற எண் கண்டபடி எழுதினதாக இருந்தால், மூட்டை வராது, "பாருங்க, சரக்கே வரவில்லை" என்று கோச்சியையும் நிறுத்திவிடுவாங்க. அதனால்தான் அந்த எண்ணை யார், எந்தக் கணக்கில் எழுதறாங்க என்பதைக் கேட்க ஒரு இடம் முதலில் வேணும் என்கிறேன்.

அந்தக் கணக்கு சுலபம் என்று நான் சொல்லவில்லை. மேல்நாட்டுப் பாதையில் 44 அடிக்கு ஒரு அடி ஏற்றம். எஞ்சின் முக்கி முனகி ஏறுது, மண்சரிவு வந்தால் பாதையே போயிடும். மைலுக்குச் செலவு கரையோரப் பாதையைவிடக் கூட. அப்போ மலைக்காரனிடம் மைலுக்குக் கூட வாங்குவது நியாயமா? இந்தியாவில் கொங்கண் பாதைக்கு இந்தப் பிரச்சினை வந்தது. மலையைக் குடைந்து போட்ட செலவை மீட்க, உண்மையான தூரத்தைவிடக் கூடிய தூரத்தைக் கணக்கில் எழுதிக் கட்டணம் எடுத்தாங்க. வண்டி ஓடாத கிலோமீற்றருக்கும் காசு. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் ஒன்று, கூட்டினது எழுத்தில் இருந்தது, அதனால் சண்டை போட முடிந்தது. என் கருத்து: மலை ஏறுகிற செலவை மலைக்காரன் மட்டும் சுமப்பது என்றால் இந்த மலையின் தேயிலை கொண்டுவந்த டொலரையும் மலைக்காரனுக்கு மட்டும் கொடுத்திருக்கணும். நாடு பங்கு எடுத்தது, அப்போ செலவிலும் பங்கு எடுக்கட்டும்.

இந்தியாவில் அதற்கு ஒரு மன்றமே இருந்தது. 1949இல் வந்த ரயில்வே கட்டண மன்றம், இருந்தது சென்னையில். ரயில் எடுக்கும் கூலி நியாயமற்றது, அல்லது வேறொருத்தருக்கு முறையற்ற சலுகை கொடுக்குது என்றால் அங்கே முறையிடலாம். ரயில் அரசாங்கத்துடையதாக இருந்தாலும் பதில் சொல்லணும், அதுதான் விசேஷம். உத்தரப் பிரதேசத்தில் ஷாம்லி பக்கத்துச் சர்க்கரை ஆலை ஒன்று கரும்பு ஏற்றுகிற கூலிக்காக ஒரு சிறு ரயில் கம்பனியோடு மோதி, 1960களில் உச்ச நீதிமன்றம் வரை போனது. இதை ரொம்பவும் புகழவும் எனக்கு மனம் இல்லை. அங்கேயும் படி ஏறினவங்க ஆலைகளும் கம்பனிகளும்தான் பெரும்பாலும் கண்ணில் படுறாங்க, கரும்பு வெட்டினவர் இல்லை. 2017இல் அந்த மன்றத்தைச் சரக்கு நட்டஈட்டு மன்றத்தோடு சேர்த்தும் விட்டாங்க. அதனால் சென்னை மன்றத்தை அப்படியே தூக்கி கொழும்பில் வைத்தால் போதும் என்று சொல்லமாட்டேன். கொழும்பில் வைத்தால் கந்தப்பளை மாமா போகமாட்டார், வக்கீலுக்குக் கொடுக்கும் காசில் அவர் இரண்டு போகம் விதை வாங்கலாம்.

நமக்குக் கிட்ட இருக்கிற உதாரணம் வேற. மின்சாரக் கட்டணம் ஏறும்போது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு பொதுமக்கள் கருத்தைக் கேட்குது. எழுதி அனுப்பலாம், நேரே போயும் பேசலாம். மின்சார சபை அரசாங்கத்துடையது என்பதால் யாரும் அதைக் கேட்க விடாமல் இல்லை. அந்த ஆணைக்குழு 2002 சட்டத்தில் வந்தது. ரயில் கூலி அதன் கையில் இல்லை. ஏன் இருக்கக்கூடாது? சரக்குக் கட்டணம் மாறும்போது நுவரெலியாவிலோ ஹட்டனிலோ ஒரு நாள் உட்கார்ந்து, தமிழிலும் கேட்டு, கணக்கைக் காட்டி முடிவெடுக்கட்டும். தனி விவசாயி முறையிட உரிமை வேணும். அதைவிட முக்கியம், சாமான் வாங்குகிறவர் முறையிடவும் உரிமை வேணும். அரிசிக்கு 2024 டிசம்பரில் வைத்த உச்ச விலை பொலன்னறுவைக்கும் பொகவந்தலாவைக்கும் ஒன்றுதான், நாடு கிலோ 230 ரூபா. ஆலைக்குப் பக்கத்துக் கடைக்காரனும் மலை உச்சிக் கடைக்காரனும் ஒரே விலைக்கு விற்கணும் என்றால், நடுவில் இருக்கிற வண்டிக் கூலியை யார் விழுங்குறது? சட்டம் அதைப் பற்றிப் பேசாது. லயத்துக்குப் பக்கத்துக் கடையில் "அந்த அரிசி இல்ல, இதுதான் இருக்கு" என்று சொல்லும்போது அந்தக் கூலி பேசுது.

சிறு தேயிலைத் தோட்டக்காரருக்கும் பெக்டரிக்கும் நடுவில் ஒரு சூத்திரம் இருக்கு, 68க்கு 32. விற்றுவரும் காசில் கொழுந்து கொடுத்தவருக்கு 68 பங்கு. ஆக, இந்த நாட்டுக்கு நியாய விலைச் சூத்திரம் போடத் தெரியாமல் இல்லை. ஆனால் கொழுந்து ஏற்றுகிறவர் கிலோவுக்கு வெட்டுகிற வண்டிக் காசு அந்தப் பங்கு பிரிப்புக்கு வெளியே நிற்குது. அவுட்குரோவர் முறை என்று இப்போது தோட்டங்களில் நம்ம ஆட்களுக்கே துண்டு துண்டாகத் தேயிலையைப் பிரித்துக் கொடுக்கிறாங்க. சம்பளம் போய் கிலோ விலை வருது. அப்போ சம்பள நிர்ணய சபையும் கதையில் இருந்து கழன்றுவிடும். மிஞ்சுவது விலையும் அதில் விழுகிற வெட்டும்தான். 1700க்குப் போராடின மாதிரி அந்த வெட்டோடு போராட நமக்கு இன்னும் மொழிகூட வரவில்லை.

சட்டம் மாறும்வரை சும்மா இருக்கணும் என்றும் இல்லை. அரசாங்கம் போடுகிற கட்டணம் ஆளுக்கு ஆள் பாகுபாடாக இருந்தால் அரசியலமைப்பின் 12வது உறுப்புரையை வைத்து உயர் நீதிமன்றம் போகலாம், மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை கேட்கலாம். செலவும் நேரமும் கையில் இருக்கிறவங்களுக்கு அது. நம்ம கையில் இருக்கிறது 2016இன் தகவலறியும் உரிமைச் சட்டம். தமிழில் எழுதலாம், 14 வேலை நாட்களுக்குள் கொடுக்கிறதா இல்லையா என்று சொல்லணும், சொல்லாவிட்டால் மேலே முறையிடலாம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து ரயில்வே திணைக்களத்துக்கு எழுதப்போறோம். கடிதத்தில் இப்போதைக்கு இருக்கிறது: நானுஓயாவில் இருந்து கொழும்புக்கு ஒரு தொன் மரக்கறி ஏற்ற இன்று என்ன கட்டணம், ஹட்டனில் இருந்து என்ன, அதே தூரத்துக்கு வடக்குப் பாதையிலும் கரையோரப் பாதையிலும் என்ன, இந்தக் கட்டணம் கடைசியாக எந்தத் திகதியில் மாறியது, எந்தச் செலவுக் கணக்கை வைத்து மாற்றினாங்க, அந்தக் கணக்கின் பிரதி. கந்தப்பளை மாமா ஒன்று சேர்க்கச் சொன்னார்: ஸ்டேசனில் மூட்டையை இறக்கி வைக்க மழை படாத இடம் இருக்கா?